வேட்பாளர் மேல் வழக்குப் போட நமக்கு உரிமை உண்டா? எத்தனை நாளுக்குள்?

தேர்தல் வந்தால் தண்டையார்பேட்டை டீக்கடைகளில் இந்தப் பேச்சு அடிபடாமல் இருக்காது: "அந்தாளு சொத்துக் கணக்கை மறைச்சிருக்காருப்பா. கோர்ட்டுக்குப் போனா நிக்கவே முடியாது." போகலாம்தான். ஆனால் ஓட்டுப் பதிவுக்கு முன்னால் போனால், பெரும்பாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

இது 1952லேயே தீர்ந்துபோன விஷயம். நாமக்கல்லில் வேட்புமனு தள்ளுபடியான பொன்னுசாமி என்பவர் தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே வழக்குப் போட்டார். தேர்தல் முடியட்டும், பிறகு தேர்தல் மனுவாக, அதாவது அந்தத் தேர்தல் செல்லாது என்று கேட்கும் வழக்காக, கொண்டு வாருங்கள் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. சட்டமன்றத்துக்கு அரசியல் சாசனத்தின் 329ஆவது பிரிவு இந்தத் தடையைப் போடுகிறது. மாநகராட்சிக் கவுன்சிலர் தேர்தலுக்கு 243 இசட்ஜி.

ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் 2017 ஏப்ரலில் நின்றதே என்று கேட்பீர்கள். பணப் பட்டுவாடாவைக் காட்டி அதை நிறுத்தியது தேர்தல் ஆணையம், கோர்ட் அல்ல. ஓட்டுப் பதிவு டிசம்பர் 21க்குப் போனது.

ஓட்டுக்கு முன்னால் ஆட்சேபிக்க இருக்கும் இடம் வேட்புமனு பரிசீலனை. சட்டமன்றத் தேர்தல் என்றால் அந்த அறைக்குள் வேட்பாளர், அவருடைய ஏஜென்ட், முன்மொழிந்த ஒருவர், வேட்பாளர் எழுதிக் கொடுத்த இன்னொருவர், இவ்வளவு பேருக்குத்தான் அனுமதி. சாதாரண வாக்காளர் வெளியேதான். ஆனாலும் வேட்பாளர் தன் பிரமாணப் பத்திரத்தில் சொன்னது தவறு என்று எதிர்ப் பிரமாணப் பத்திரம் ஒன்றைத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுக்கலாம்; அதையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். சொத்து விவரம் பொய் என்பதற்காக மட்டும் அந்த மேசையில் மனு தள்ளுபடி ஆகிவிடாது. வயது, வாக்காளர் பட்டியலில் பெயர், முன்மொழிந்தவர் கையெழுத்து போன்றவைதான் அங்கே எடுபடும்.

முடிவு வந்த பிறகு ஆட்டம் மாறுகிறது. எம்.எல்.ஏ. தேர்தலானால் 45 நாளுக்குள் ஐகோர்ட்டில் தேர்தல் மனு. போடக்கூடியவர்கள் இரண்டே வகை: அந்தத் தேர்தலில் வேட்பாளராக இருந்தவர், அந்தத் தொகுதி வாக்காளர். வேட்புமனு தவறாகத் தள்ளுபடியானது என்று சொல்பவரும் வேட்பாளர் கணக்கில் வருவார். வாக்காளர் அன்று ஓட்டுப் போட்டாரா என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஓட்டுரிமை இருந்தால் போதும். ஆனால் பெரம்பூர் வாக்காளர் ஆர்.கே.நகர் எம்.எல்.ஏ. மேல் மனுப் போட முடியாது, எவ்வளவு ஆதாரம் கையில் இருந்தாலும்.

நாள் கணக்குதான் பலரைக் கவிழ்க்கிறது. 2016 மே 19ஆம் தேதி முடிவு வந்தது. அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் 45ஆவது நாள் ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கட்கிழமை போட்டால் செல்லும். செவ்வாய்க்கிழமை போயிருந்தால் அவ்வளவுதான். உடம்பு சரியில்லை, வக்கீல் ஊரில் இல்லை என்று தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் வசதி தேர்தல் மனுவுக்குக் கிடையாது.

கூடவே 2,000 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும். முறைகேட்டைச் செய்ததாக எந்த வேட்பாளரைச் சொல்கிறீர்களோ அவரை எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் சாட்சி விசாரணைக்குப் போகாமலேயே மனு தள்ளுபடி. தப்பித்தவறி நின்றாலும் பொறுமை வேண்டும்: கொளத்தூரில் 2011 வெற்றியை எதிர்த்துத் தோற்ற வேட்பாளர் போட்ட மனுவுக்கு ஐகோர்ட் தீர்ப்பு 2017இல்தான் வந்தது, அதுவும் தள்ளுபடி. அதற்குள் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்து அடுத்த தேர்தலும் நடந்திருந்தது.

மணலியைத் தாண்டி மீஞ்சூர், சோழவரம் பக்கத்துக் கிராம ஊராட்சிகளுக்கும் 45 நாள்தான். ஆனால் போக வேண்டியது ஐகோர்ட் அல்ல, மாவட்ட நீதிபதியிடம். முடிவு வெளியிட்ட தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

இப்போது டீக்கடைக் கேள்விக்கு வருவோம். சட்டமன்ற வேட்பாளர் பிரமாணப் பத்திரத்தில் பொய் சொன்னால் அது தனிக் குற்றம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவு. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப் புகாராகவே கொண்டு போகலாம். அதிகபட்சத் தண்டனை 6 மாதம் என்பதால் இதற்குக் கெடு ஒரு வருடம். ஆனால் அதில் தண்டனை கிடைத்தாலும் பதவி தானாகப் போகாது. அவர் நாற்காலியை விட வேண்டும் என்றால் அந்த 45 நாளுக்குள் தேர்தல் மனுவும் போட்டிருக்க வேண்டும்.