புயல் மழைக்கு பயந்து கோழிய மூடியே கொல்லாதீங்க

மழை ஓய்ஞ்ச மறுநாள் எங்க கால்நடை கிளினிக் வாசல்ல நிக்குற நாட்டுக்கோழி கேஸப் பாத்தா எனக்கு கோவம் தான் வருது. மழைல செத்த கோழிய விட தார்ப்பாய்க்குள்ள செத்த கோழி தான் ஜாஸ்தி.

சேலத்துக்கு ஏதுங்க புயல், கடல் எங்க நாம எங்கன்னு சொல்றவங்க 2024ஐ மறந்துட்டாங்க போல. நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை ஏறின ஃபெஞ்சல் புயல் உள்ள நகர்ந்து வந்து பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டுச்சு, ஏற்காடு மலைப்பாதைல மண் சரிஞ்சு ரோடு அடைச்சுது, திருமணிமுத்தாறுல வெள்ளம். கூரைய பிச்சிட்டு போற காத்து நமக்கு அவ்வளவா வராது, வர்றது விடாத மழையும் ஈரக்காத்தும்.

இந்த தடவ வாழப்பாடி பக்கத்துல இருந்து ஒரு அக்கா, செத்தது போக மிச்சம் இருந்த கோழிங்கள கூடைல தூக்கிட்டு வந்தாங்க. "குளிருமேன்னு சுத்தி இறுக்கிக் கட்டினேன் மேடம், ஒரு சொட்டு தண்ணி உள்ள போகல"ன்னாங்க. ஒரு கோழி கண்ணு ரெண்டும் வீங்கி ஒட்டிப் போய், தலைய தன் றெக்கை மேலயே தேச்சுக்கிட்டு நிக்குது. செத்தத அறுத்துப் பாத்தா மூச்சுக்குழாய் செக்கச்செவேல்னு இருக்கு, உள்ள சளி. வீட்ல இருந்து கூண்டு போட்டோ அனுப்பச் சொன்னேன், தார்ப்பாய் உள்பக்கம் பூரா முத்து முத்தா தண்ணி. வெளிய இருந்து ஒரு சொட்டும் போகலதான், அத்தனையும் கோழி விட்ட மூச்சும் எச்சத்தோட ஈரமும்.

தயவுசெஞ்சு இத மட்டும் புரிஞ்சுக்கோங்க. கோழி மனுஷன் இல்ல, அதுக்கு போர்வை வேணாம், போர்வைய மேலயே போட்டுக்கிட்டு தான் பொறந்திருக்கு. நல்லா வளந்த கோழி, உடம்பு காஞ்சிருந்தா, ஏற்காட்டு டிசம்பர் குளிரயே சாதாரணமா தாங்கும். அதோட உடம்புச் சூடு 41 டிகிரி கிட்ட, இறகு உப்புனா உள்ள காத்து நின்னு சூடு வெளிய போகாது, ஆனா இறகு நனைஞ்சா அந்தக் கதை முடிஞ்சுது. அதனால நனையாம பாத்துக்கணும், அதுக்காக காத்த அடைக்கக்கூடாது. நீங்க நாலு பக்கமும் மூடுனா எச்சத்துல இருந்து கிளம்புற அமோனியா உள்ளயே நிக்கும், முதல்ல கண்ணு போகும், அப்புறம் மூச்சு, அப்புறம் "சளி புடிச்சிருச்சு"ன்னு எங்கிட்ட வருவீங்க. நாமக்கல் பக்கம் போறப்ப பண்ணை ஷெட்டுகளப் பாருங்க, ஆயிரக்கணக்குல கோழி வச்சிருக்கிறவங்களே பக்கவாட்டுல வெறும் கம்பிவலை தான் அடிச்சிருக்காங்க, சாரல் அடிச்சா மட்டும் படுதா இறக்குவாங்க, அப்பவும் மேல இடைவெளி இருக்கும். உங்க வீட்டு பத்து கோழிக்கு எதுக்குங்க சீல் வச்ச டப்பா?

சாரல் அடிக்கிற பக்கம் மட்டும் கட்டுங்க, அதுலயும் மேல ஒரு சாண் விடுங்க, எதிர்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும். உள்ள குனிஞ்சு கோழி நிக்குற உயரத்துல மூக்க வச்சு இழுத்துப் பாருங்க, உங்களுக்கே நெடி அடிச்சா அதுக்கு எப்பவோ ஓவர். ஈரமான உமிய அள்ளிட்டு காஞ்ச உமியோ கடலைத்தொலியோ போடுங்க, மேலாக்க தூவுறது வேலைக்கு ஆகாது, அந்த ஈரத்துல தான் ரத்தக்கழிச்சல் கிளம்புது.

பள்ளத்துல இருக்கிற கூண்ட பொழுதோட மேட்டுக்கு மாத்திடுங்க. இருட்டுனதுக்கப்புறம் கோழிக்கு கண்ணு தெரியாது, தண்ணி வந்தா நின்ன இடத்துலயே நிக்கும். பஞ்சாரத்துல கவுத்து மேல கல்லு வச்சுட்டு தூங்கப் போறத விட்டுடுங்க, அதுல மாட்டின கோழி எங்க ஏறும்?

அப்புறம் இந்த கரி அடுப்பு. குஞ்சுக்கு கதகதப்பா இருக்கட்டும்னு மூடின ரூம்ல வைக்காதீங்க, வச்சா கரி எரியுறப்ப வர்ற விஷவாயுவால உங்களுக்கும் ஆபத்து தான், பறவை முதல்ல சாகும். பிரிட்டன்ல நிலக்கரிச் சுரங்கத்துல விஷவாயு இருக்கான்னு பாக்க 1986 வரைக்கும் கானரிக் குருவியத் தான் வச்சிருந்தாங்க, காரணம் இதுதான். கரண்ட் போச்சுன்னா பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி துணி சுத்தி அட்டப்பெட்டில ஓரமா வைங்க, குஞ்சு வேணும்னா ஒட்டிக்கும் வேணாம்னா தள்ளிப் போகும், பெட்டிக்கு ஓட்டை போட மறந்துடாதீங்க. லவ்பேர்ட்ஸ் வச்சிருக்கிறவங்க மழைன்னு கூண்ட சமையக்கட்டுல கொண்டு போய் வைக்கவே வைக்காதீங்க, நான்ஸ்டிக் சட்டி காஞ்சு புகைஞ்சா நிமிஷத்துல எல்லாம் கீழ விழுந்துடும், மருந்தே கிடையாது.

நனைஞ்ச மக்காச்சோளத்த வெயில்ல காய வச்சு திரும்பப் போடுறதும் வேணாம், பூஞ்சை புடிச்சா அந்த விஷம் காய வச்சாலும் போகாது. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிய மழைக்கு முன்னாடியே கவர்மென்ட் கால்நடை ஆஸ்பத்திரில போட்டுடுங்க, கோழி தலைய தொங்கப் போட்டதுக்கப்புறம் ஓடி வந்து ஊசி கேட்டா நான் என்ன பண்றது?

ரோடு அடைச்சு வர முடியலன்னா கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு போன் பண்ணுங்க. மெடிக்கல்ல மனுஷ மாத்திரைய வாங்கி பொடிச்சு ஊட்டாதீங்க, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துன்னாலும் அந்தக் கோழி முட்டைய எத்தன நாள் சாப்பிடக்கூடாதுன்னு கேட்டுட்டுப் போங்க, ஒருத்தர் கூட கேக்குறதில்ல.