காராமணி வேரில் ஒரு துளி சிவப்பு

திருவொற்றியூர் வீட்டு மொட்டை மாடித் தொட்டியில் இருந்த காராமணிச் செடியைப் போன வாரம் பிடுங்கினேன். வேரெல்லாம் மிளகு மிளகாக முடிச்சுகள். நகத்தால் ஒன்றைக் கீறினால் உள்ளே ரத்தச் சிவப்பு. நிமிர்ந்து பார்த்தால் மேற்கே மணலி. அங்கே உர ஆலையிலும் இந்த முடிச்சிலும் நடப்பது ஒரே வேலைதான்: காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியா ஆக்குவது. அம்மோனியா என்றால் எங்கள் பக்கம் விளக்கம் தேவையில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாய் கசிந்தபோது கண்ணெரிச்சலோடு தெருவுக்கு ஓடிவந்தவர்கள் இன்னும் மறக்கவில்லை.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் முப்பிணைப்பால் இறுகிக் கிடக்கின்றன. அதை உடைக்க ஆலைக்கு 400 டிகிரி செல்சியஸ் வெப்பமும் காற்றழுத்தத்தைப்போல் 100 மடங்குக்கு மேல் அழுத்தமும் வேண்டும். முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா, மண்ணின் சூட்டிலேயே வேலையை முடித்துவிடுகிறது.

அதன் கருவி நைட்ரோஜினேஸ் என்ற நொதி. இதில் இரண்டு புரதங்கள். சிறியது, தண்ணீர் லாரியிலிருந்து குடம் குடமாக மாடிக்குச் சுமப்பதுபோல, நடைக்கு ஓர் எலெக்ட்ரானைப் பெரியதிடம் கொண்டு சேர்க்கிறது. ஒவ்வொரு நடைக்கும் கூலி, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு 2. ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு 8 நடை, ஆக 16 ஏ.டி.பி. பெரிய புரதத்தின் உள்ளே 7 இரும்பு, 9 கந்தகம், 1 மாலிப்டினம் சேர்ந்த கொத்து. அதன் நட்டநடுவில் இருப்பது கார்பன் என்பது 2011-இல்தான் உறுதியானது. எட்டு எலெக்ட்ரான்களில் இரண்டு ஹைட்ரஜன் வாயுவாகப் போய்விடும். வீண்செலவு போலத் தெரியும். ஆனால் அந்த ஹைட்ரஜன் கிளம்பினால்தான் நைட்ரஜன் அந்தக் கொத்தில் வந்து ஒட்டும்.

இந்த நொதிக்கு ஆக்சிஜன் எமன். காற்று பட்டால் சிறிய புரதத்தில் பாதி ஒரு நிமிடத்துக்குள் பாழ். வேடிக்கை என்னவென்றால், ஏ.டி.பி. தயாரிக்க அதே பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும்! இந்தச் சிக்கலுக்குச் செடி கண்ட வழிதான் நான் கீறிப் பார்த்த சிவப்பு: லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்து ஹீமோகுளோபினின் பங்காளி. ஆக்சிஜனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பாக்டீரியா மூச்சுவிடும் அளவுக்கு மட்டும் சிறுகச் சிறுகக் கொடுக்கும். உள்ளே பச்சையாகிப்போன முடிச்சு, வேலையை நிறுத்திவிட்ட முடிச்சு.

பாக்டீரியாவுக்குச் சோறு போடுவது செடியின் சர்க்கரை. மண்ணில் நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் செடி அந்தச் செலவைக் குறைத்துக்கொள்ளும். அம்மா யூரியா தூவியிருந்த பக்கத்துத் தொட்டிச் செடியையும் பிடுங்கிப் பார்த்தேன். தேடித் துழாவியும் இரண்டே முடிச்சு.