அனிசொன்: ஒரு வரவுப் பாட்டின் ஜப்பானியப் பெயர்

‘அனிசொன்’ என்ற சொல்லை நான்கு தட்டுகளாகச் சொல்ல வேண்டும்: அ, னி, சொ, ன். ஜப்பானியக் காதுக்குக் கடைசி ‘ன்’ ஒரு முழு மாத்திரை. நம் இலக்கணத்தில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைதான். எனவே தமிழர் நாவில் இந்தச் சொல் எப்போதும் அரை மாத்திரை குறைந்தே ஒலிக்கும்.

பொருள் எளிது. அனிமேயில், அதாவது ஜப்பானிய அசைபடத்தில், வரும் பாட்டு அனிசொன். தொடக்கப் பாடல், இறுதிப் பாடல், கதையின் நடுவே ஒலிக்கும் பாடல் எல்லாம் இதில் அடக்கம். ‘அனிமே’, ‘சாங்’ என்ற இரண்டின் தலைகளை மட்டும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஜப்பானியருக்கு இது கைவந்த கலை. இரண்டு நீண்ட சொற்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மாத்திரை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடுவார்கள். ‘பாக்கெட் மான்ஸ்டர்’ போகேமொன் ஆனது இப்படித்தான். கரோக்கேயும் அதே குடும்பம்: ‘கரா’ என்றால் வெறுமை, ‘ஓகே’ என்பது ஆர்கெஸ்ட்ராவின் தலைப்பகுதி. வாத்தியக்காரர்கள் இல்லாத ஆர்கெஸ்ட்ரா.

‘அனிமே’யும் வெட்டுண்ட சொல்லே. ஆங்கில ‘அனிமேஷன்’, அதற்கும் பின்னால் உயிர், மூச்சு என்று பொருள்படும் லத்தீன் ‘அனிமா’. நாம் ‘அசைவூட்டம்’ என்று மொழிபெயர்த்தபோது அசைவைப் பிடித்துக்கொண்டோம், உயிர் கைநழுவிவிட்டது. ஜப்பானியர் எந்த நாட்டு அசைபடத்தையும் அனிமே என்பார்கள். வெளியே வந்த பிறகுதான் அது ஜப்பானியப் படைப்புகளுக்கு மட்டுமான பெயராகச் சுருங்கியது. தமிழாக்கம் செய்யும்போது இந்த வேறுபாடு குறுக்கே வந்து நிற்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அனிசொன் என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே அந்தப் பாட்டு இருந்தது. 1963 ஜனவரி 1 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘தெட்சுவான் ஆட்டொமு’வின் (உலகம் ‘அஸ்ட்ரோ பாய்’ என்று அறிந்த தொடர்) பாடல் வரிகளை எழுதியவர் ஷுந்தாரோ தனிகாவா. நவீன ஜப்பானியக் கவிதையின் பெரும் பெயர்களில் ஒன்று. சிறுவர் தொடருக்குத்தானே என்று யாரோ ஒருவரிடம் எழுதி வாங்கிவிடவில்லை. ஆனாலும் அந்தக் காலத்தில் இவற்றுக்குத் தனிப்பெயர் கிடையாது. தொடர்களை ‘தெரெபி மங்கா’, அதாவது தொலைக்காட்சிச் சித்திரக்கதை என்றார்கள். பாடல்கள் குழந்தைப் பாடல் வரிசையில் வைக்கப்பட்டன. முகப்புப் பாடலுக்கான பொதுச்சொல் ‘ஷுதைகா’. ‘ஷுதை’ என்றால் தலைக்கருத்து, ‘கா’ என்றால் பாட்டு.

இந்தப் பாட்டுக்குத் தனி முகம் தந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் இச்சிரோ மிசுகி. 1972இல் ‘மஜிங்கர் இசட்’ என்ற ராட்சத ரோபோ தொடருக்குப் பாடியவர். ‘இசட்’ என்ற எழுத்தை ஜப்பானியர் ‘ஸெட்டோ’ என்பார்கள். மிசுகி அதை அடிவயிற்றிலிருந்து எடுத்து, மூச்சு தீரும்வரை நீட்டி, கடைசியில் ‘ட்’டென்று அறுப்பார். இரும்பு உருவம் திரையில் நடந்து வருவதற்குள் அந்த ஒற்றை எழுத்து அதைக் கட்டியம் கூறி அழைத்துவிடும். அந்தக் கூவல் ஆயுள் முழுக்க அவருடைய முத்திரையாக இருந்தது. 1999இல் 24 மணி நேரத்தில் 1,000 பாடல்களைப் பாடி முடித்தார். 2000இல் ஹிரோனோபு ககேயாமா முதலிய தோழர்களுடன் ‘ஜாம் புராஜெக்ட்’ குழுவைத் தொடங்கினார். 2022 டிசம்பரில் மறைந்தார். ‘அனிகி’, அதாவது ‘அண்ணே’ என்றே ரசிகர்கள் அவரை அழைத்தார்கள்.

பின்னர் பொருள் மெல்ல நகர்ந்தது. 1983இல் அதே பெயருள்ள தொடருக்கு அன்ரி பாடிய ‘கேட்ஸ் ஐ’ ஜப்பானிய விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. அனிமேயின் ஒன்றரை நிமிடம் ஒரு பாடகரை நாடு முழுக்கக் கொண்டுசேர்க்கும் என்பது இசை நிறுவனங்களுக்குத் தெரிந்துபோயிற்று. கதையோடு உறவில்லாத பாடல்களும் முகப்பில் வந்து அமர்ந்தன. அவற்றையும் அனிசொன் என்று சொல்லலாமா? ரசிகர்களிடையே இது பழைய வழக்கு. அனிமேயில் ஒலித்தாலே போதும் என்பது ஒரு கட்சி. கதைக்காகப் பிறந்திருக்க வேண்டும் என்பது மறு கட்சி.

நான் இரண்டாம் கட்சி. ஆனால் பிறப்பைத் தேடிப் போவதைவிட, பாட்டு செய்யும் வேலையைப் பார்ப்பேன். 1995இல் ‘எவாஞ்சலியன்’ தொடருக்கு நெகோ ஒய்காவா எழுதி யோகோ தகாஹாஷி பாடிய பாடலின் தலைப்பை ‘கொடிய தேவதையின் தேசிஸ்’ என்று தமிழில் எழுதுகிறார்கள். இங்கே ‘தேசிஸ்’ என்பது ஆய்வேடு அல்ல. ‘தேஸே’ என்ற ஜெர்மன் சொல்லுக்கு அங்கே துணிபு, முன்வைக்கும் கூற்று என்பதே பொருள். அந்தத் தொடரை அந்தப் பாட்டு இல்லாமல் இன்று யாராலும் நினைக்க முடியாது. 2019இன் ‘குரெங்கே’வை எடுத்துக்கொள்ளுங்கள். ‘டீமன் ஸ்லேயர்’ முகப்பில் லிசா பாடியது. ‘குரென்’ என்றால் செங்கமலம். சேற்றில் மலரும் பூ, குடும்பத்தைப் பறிகொடுத்து வாள் ஏந்தும் ஒரு சிறுவனுக்குப் பெயராகிறது. 2023இன் ‘ஐடல்’ இன்னும் நேரடியானது. ‘ஒஷி நோ கோ’ தொடரின் முகப்பில் வந்தது; அதன் கதாசிரியர் அகா அகசாகா எழுதிய ஒரு சிறுகதையிலிருந்து யோஅசோபி குழு அந்தப் பாட்டை உருவாக்கியது. கதையைப் பாட்டாக்குவதே அவர்கள் குழுவின் கொள்கை.

இந்தப் பாடல்களின் கட்டுமானமும் கவனிக்க வேண்டியது. நம் திரைப்பாட்டில் பல்லவி முன்னே வரும்; சரணம் சுற்றிவிட்டு அதனிடமே திரும்பும். அனிசொன்னில் பெரும்பாலும் சரணம் போன்ற இரண்டு பகுதிகள் முதலில் ஏறி வரும். ‘சபி’ எனப்படும் உச்சப் பகுதி கடைசியில் வெடிக்கும். தொலைக்காட்சிக்கு உள்ள ஒன்றரை நிமிடத்தில் இந்த ஏற்றம் முழுவதும் நடந்து முடிய வேண்டும். 2008இல் ‘நருட்டோ ஷிப்புடென்’ முகப்பில் இக்கிமொனோககாரி பாடிய ‘புளூ பேர்ட்’ கேட்டவர்களுக்கு அந்த ஏற்றம் உடம்பிலேயே தெரியும். அன்று பள்ளிப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு அது ‘நட்சுமெரோ’ ஆகிவிட்டது: ‘ஏங்கவைக்கும் மெட்டு’ என்பதன் சுருக்கம். அதுவும் நான்கு மாத்திரைதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘அசைபடப் பாடல்’ என்றால் உலகின் எல்லா அசைபடப் பாடல்களும் உள்ளே வந்துவிடும். ஆகவே வகையின் பெயராக ‘அனிமே பாடல்’ போதும். அனிமே இன்று தமிழ்க் குரலிலேயே வருகிறது. சொல்லும் கூடவே வந்து சேர்ந்துவிட்டது, விரட்ட வேண்டியதில்லை. முகப்பில் வருவதற்குச் சிலர் ‘கருப்பொருள் பாடல்’ என்கிறார்கள். அது ஆங்கிலத்தைத் தொட்டுத் தொட்டு எழுதியது; கருப்பொருள் என்றதும் திணை இலக்கணம் அல்லவா நினைவுக்கு வருகிறது. ‘முகப்புப் பாடல்’ நல்ல சொல், பத்திரிகையில் தயங்காமல் எழுதலாம்.

என் மனம் விரும்பும் சொல் வேறு. தெருக்கூத்தில் இருவர் திரையைப் பிடித்து நிற்க, பின்னாலிருந்து வேடம் தன் பெயரையும் பெருமையையும் பாடும். கிரீடத்தின் உச்சியும் சலங்கைக் கால்களும் மட்டும் தெரியும். ஈழத்துக் கூத்தில் பாத்திரம் களரிக்கு, அதாவது ஆடுகளத்துக்கு, வரும்போது பாடுவதை வரவுப் பாட்டு என்பார்கள். மிசுகியின் ‘ஸெட்டோ’ செய்த வேலை அதுதான். ‘வரவுப் பாட்டு’ என்றே நான் எழுதப்போகிறேன்.

இறுதிப் பாடலை மட்டும் ‘மங்களம்’ என்று சொல்ல மனம் வரவில்லை. மங்களம் பாடினால் ஆட்டம் முடிந்தது. அனிமேயில் அடுத்த வாரம் கதை தொடரும். 1987இல் ‘சிட்டி ஹண்டர்’ தொடரில் டிஎம் நெட்வொர்க்கின் ‘கெட் வைல்ட்’ ஒலித்த விதத்தைப் பாருங்கள்: கடைசிக் காட்சி முடியுமுன்பே, பாத்திரங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, அடியில் பாட்டு தொடங்கிவிடும். பேச்சு அடங்க அடங்கப் பாட்டு மேலே வரும். வாசல்வரை பேசிக்கொண்டே வந்து வழியனுப்புவது போல. அதற்கு ‘வழியனுப்புப் பாட்டு’ என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.