கரும்புச் சோகையை எரித்தால் அபராதமா? கடலூர் உழவர்கள் அறிய வேண்டியவை

பயிர்க்கழிவை எரித்தால் 2 ஏக்கருக்குக் குறைவான நிலத்துக்கு 5,000 ரூபாய், 5 ஏக்கர் வரை 10,000 ரூபாய், அதற்கு மேல் 30,000 ரூபாய் என்று 2024 நவம்பரில் வந்த உத்தரவு, டெல்லித் தலைநகர் வட்டாரத்துக்கும் அதையொட்டிய வடமாநிலப் பகுதிகளுக்கும் உரியது. கடலூர் மாவட்டத்தின் நெல்லிக்குப்பத்தில் சோகை, அதாவது கரும்பின் காய்ந்த இலை, கொளுத்துபவரிடம் அந்தக் கணக்கில் யாரும் தண்டம் கேட்க முடியாது.

அதனால் இங்கே எதை வேண்டுமானாலும் எரிக்கலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 19(5) பிரிவு, எரிபொருள் அல்லாத எந்தப் பொருளையும் எரிக்கத் தடை விதிக்கும் அதிகாரத்தை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கலந்துகொண்டு செயல்படும் மாநில அரசுக்குத் தருகிறது. பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி கவனக்குறைவாகத் தீயைக் கையாண்டால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 287ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சாலையோர வயலில் மூட்டிய தீயின் புகை, பண்ருட்டி வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் எதிரே வரும் வண்டியை மறைத்துவிடும் என்பதால், இந்தப் பிரிவை ஏட்டளவுச் சட்டம் என்று ஒதுக்க முடியாது. அதிகாலையிலும் மாலை மங்கிய பிறகும் குளிர்ந்த காற்று தரையோடு தங்கி, புகையை மேலே விடாமல் ஊருக்குள்ளேயே அடைத்து வைக்கிறது; நம் ஊரில் பலர் தீ வைப்பதோ பெரும்பாலும் அந்த வேளையில்தான்.

சட்டத்தை விட்டுப் பார்த்தாலும் எரிப்பது நட்டமே. ஒரு டன் நெல் வைக்கோல் எரிந்தால் சுமார் 5.5 கிலோ தழைச்சத்தும் 25 கிலோ சாம்பல்சத்தும் வயலுக்குக் கிடைக்காமல் போகும் என்பது வேளாண் துறையினர் காட்டும் கணக்கு. வைக்கோலை மாட்டுக்காவது போடுகிறோம்; சோகைதான் பெரும்பாலும் தீக்கு இரையாகிறது. அதைக் கருவி கொண்டு தூளாக்கிக் கட்டைக் கரும்பின் (வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் கரும்பின்) சால்களில் பரப்பினால் ஈரம் காக்கும், களையும் குறையும். விரைவில் மட்க, டன்னுக்கு 2 கிலோ வீதம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிர்க் கலவையைத் தூவலாம். வேளாண் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களுக்கு உழவன் செயலியில் பதிவு செய்யலாம். கருவியைச் சொந்தமாக வாங்கும் சிறு, குறு உழவர்களுக்கும் பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் 50 விழுக்காடு வரை மானியம் உண்டு; மற்றவர்களுக்கு 40.

புகையால் அவதிப்படுவோர், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்கீழ் பொதுத்தொல்லையை நீக்க உத்தரவிடுமாறு கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். மனுவில் ஊர், புல எண், நாள், நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, புகைப்படத்தையும் இணைக்க வேண்டும்.