காலை ஆறு மணிக்கு மடங்காத விரல்

"அம்மாவுக்கு முடக்குவாதம். காலையில் பால் பாக்கெட்டைக்கூட வெட்ட முடியவில்லை என்கிறார். பத்து மணிக்கு மேல் அதே கையால் சப்பாத்தி மாவு பிசைகிறார். வீட்டில் சிலர் நடிப்பு என்கிறார்கள். இப்படியும் ஒரு நோய் உண்டா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

உண்டு. நோய் எதிர்ப்பு அணுக்கள் ஆள் தெரியாமல் சொந்த மூட்டின் உள்சவ்வையே தாக்குவதுதான் முடக்குவாதம். சரவாங்கி என்றும் சொல்வார்கள். சவ்வு வீங்கித் தடித்து, கவனிக்காமல் விட்டால் எலும்பையும் அரிக்கும். கையில் அது அதிகம் பிடிப்பது மணிக்கட்டு, விரல் தொடங்கும் முட்டி, நடுக்கணு. நகத்தை ஒட்டிய கணுவைப் பெரும்பாலும் விட்டுவிடும். குழாயைத் திருக, ஜாக்கெட் கொக்கி மாட்ட, தேங்காய் துருவ வேண்டியதெல்லாம் அந்த மூட்டுகள்தானே!

சரி, ஏன் காலையில்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எதிர்ப்பு மண்டலத்துக்கும் ராத்திரி, பகல் உண்டு. இன்டர்லூகின்-6 என்ற புரதம் அழற்சியைத் தூண்டுவது. இந்த நோய் உள்ளவர்களுக்கு அது நள்ளிரவுக்குப் பின் ரத்தத்தில் ஏறி, விடியற்காலையில் உச்சத்தைத் தொடும். அதை அடக்க வேண்டிய ஹார்மோன் கார்டிசால். சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, விழிக்கும் நேரத்தை ஒட்டித்தான் அதை அதிகம் சுரக்கும். ஆனால் வழக்கமான அளவு கார்டிசால் இவ்வளவு அழற்சிக்குப் போதாது. அதோடு, இரவெல்லாம் அசையாத மூட்டில் நீர் கோத்திருக்கும். அசைக்க அசைக்கத்தான் வடியும். இரண்டும் சேர்ந்து விறைப்பு ஒரு மணி நேரத்தையும் தாண்டுகிறது. வயதானால் வரும் மூட்டுத் தேய்மானத்தில் அது பொதுவாக அரை மணிக்குள் விட்டுவிடும்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்த ஃபிலிப் ஹென்ச், மஞ்சள் காமாலை வந்தாலோ கர்ப்பமானாலோ இந்த வலி தணிவதைக் கவனித்தார். உடம்பே எதையோ சுரந்து அடக்குகிறது என்று ஊகித்து, 1948-ல் அட்ரினல் ஹார்மோனான கார்டிசோனை ஒரு நோயாளிக்கு ஊசியாகப் போட்டார். நடக்கத் திணறியவர் சில நாளில் நடந்தார். 1950-ல் நோபல் பரிசும் வந்தது. பக்க விளைவுகளின் பட்டியல் அப்புறம்தான் நீண்டது. இப்போது இரவு பத்து மணிக்கு விழுங்கினால், இரண்டு மணி வாக்கில் வயிற்றுக்குள் திறந்துகொள்ளும் ஸ்டீராய்டு (கார்டிசோன் வகை மருந்து) மாத்திரையே உண்டு. இன்டர்லூகின் ஏறும் நேரம் பார்த்து மருந்து கிளம்புகிறது!

'மூன்றே நாளில் குணம்' என்று விற்கும், லேபிள் இல்லாத பொடியைக் கண்டால் எனக்கு ஹென்ச்சின் ஊசிதான் நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது ஆய்வகச் சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. அளவு தெரியாமல் மாதக்கணக்கில் தின்றால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். இதை விற்பவர்கள்மீது எனக்குத் துளியும் இரக்கம் கிடையாது.

உங்கள் அம்மா வெந்நீரில் கையை நனைத்து, விரல்களை மெல்ல மடக்கி நீட்டினால் கொஞ்சம் இளகும். ஆனால் விறைப்பு தினமும் பத்து மணி வரை நீடித்தால் நோய் இன்னும் அடங்கவில்லை என்று பொருள். எத்தனை மணிக்கு விடுகிறது என்று ஒரு வாரம் காலண்டரில் குறித்து, வாதநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தின் அளவை முடிவு செய்ய அது அவருக்கு உதவும்.