கழுத்து நாடியில் அழற்சி தணிந்ததா? படம் பிடித்துப் பார்க்கும் முறை

"கொலஸ்ட்ரோல் இறங்கிட்டுது, இனிக் குளிசை எதுக்கு?" யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. இரத்தப் பரிசோதனை சொல்வது இரத்தத்தைப் பற்றி மட்டும்தான். நாடிச் சுவருக்குள் என்ன நடக்கிறது என்பது அதில் தெரியாது.

சுவருக்குள் கொழுப்புப் படிந்தால் அதை விழுங்க மக்ரோபேஜ் என்ற கலங்கள் வந்து கூடும். கொழுப்பை விழுங்கிவிட்டு அங்கேயே தங்கி அழற்சியை வளர்க்கும். படிவை மூடியிருக்கும் நார்ப்படையையும் அரிக்கும். அந்தப் படை கிழிந்தால் அவ்விடத்தில் இரத்தம் உறையும். கழுத்து நாடி என்றால் பாரிசவாதம், இதய நாடி என்றால் மாரடைப்பு. குழாய் பாதிகூட அடைபடாதவருக்கும் இது வரலாம்.

இந்த அழற்சியைத்தான் பெட் ஸ்கேன் (உடலில் ஏற்றிய கதிரியக்கப் பொருள் எங்கே குவிகிறது என்று பிடிக்கும் படம்) காட்டுகிறது. மும்முரமாக இயங்கும் மக்ரோபேஜ் நிறையக் குளுக்கோசு எடுக்கும். ஆகவே கதிரியக்கப் புளோரின்-18 சேர்த்த, எப்.டி.ஜி. என்ற ஒரு வகைக் குளுக்கோசை ஊசியால் ஏற்றுகிறார்கள். கலம் அதைச் சாதாரணக் குளுக்கோசுபோலவே உள்ளே எடுத்து ஒரு பொசுபேற்றையும் ஒட்டிவிடும். அதற்கு மேல் அதை எரிக்கவும் முடியாது, எளிதில் வெளியேற்றவும் முடியாது. அழற்சி கூடிய இடத்தில் அது குவியும், அந்த இடம் படத்தில் ஒளிரும்.

நாடிச் சுவர் ஒரு மில்லிமீற்றர் அளவுதான். பெட் படமோ நாலைந்து மில்லிமீற்றருக்குக் குறைந்ததைத் தெளிவாகப் பிரித்துக் காட்டாது. அதனால் சீ.ரீ. படத்தோடு பொருத்தி, குறுக்குவெட்டு ஒவ்வொன்றிலும் நாடியைச் சுற்றி வட்டம் போட்டு, அங்குள்ள ஒளிர்வைப் பக்கத்து நாளத்து இரத்தத்தின் ஒளிர்வால் வகுக்கிறார்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் இந்த விகிதத்தை ஒப்பிடுவதுதான் கணக்கு.

2013இல் வெளியான ஓர் ஆய்வில், கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் அட்டோவஸ்டற்றின் குளிசையைத் தினமும் 80 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நாலு கிழமையிலேயே விகிதம் குறைந்திருந்தது. 10 மில்லிகிராம் எடுத்தவர்களைவிட அந்தக் குறைவு அதிகம். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: விகிதம் குறைந்த அளவுக்கும் இரத்தத்தில் கொழுப்பு குறைந்த அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை. றிப்போட் நல்லாய் இருக்கிறது என்பதற்காக, வைத்தியரைக் கேட்காமல் குளிசையை நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, எல்லோருக்கும் இந்த ஸ்கேன் எடுக்கலாமா? இப்போதைக்கு இது பெரும்பாலும் ஆய்வுக்கான கருவி. இதயத் தசையே குளுக்கோசு எடுத்து ஒளிர்வதால் இதய நாடிகளைப் பார்ப்பது கடினம். இரத்தத்தில் சீனி கூடியிருந்தாலும் படம் மங்கும். கதிர்வீச்சும் உண்டு. இன்னொன்று, புளோரின்-18 ஒவ்வொரு 110 நிமிடத்துக்கும் பாதியாகிவிடும். இந்த ஊசி மருந்து கொழும்பிலிருந்து தரைவழியாக ஆறு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தாலும் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.