உறுமும் நாயை ஏன் அதட்டக் கூடாது?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் காட்டுப்பன்றிக்காகவே நாய் வளர்ப்பதுண்டு. இருக்கிற நாய்க்கு வயதாகும்போது புனலூரிலிருந்தோ தென்காசியிலிருந்தோ ஒரு குட்டி வந்து சேரும். வந்த வேகத்தில் அது ஓடிப்போய்ப் பெரிய நாயின் வாயை நக்கும். ஓநாய்க் குட்டிகள் இப்படி நக்கித்தான் பெரியவை கக்கும் இரையை வாங்கித் தின்கின்றன. நாய்க்குட்டியிடமும் அந்தப் பழக்கம் மிச்சமிருக்கிறது. பெரியது உறுமும். உடனே வீட்டுக்காரர், "ஏலேய், சும்மா கெட" என்று அதட்டுவார். அந்த அதட்டலைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

உறுமல் என்பது கடிக்காமலே காரியத்தை முடிக்க நாய் எடுக்கும் முயற்சி. அதற்கு முன்பே அது பலமுறை சொல்லியிருக்கும். உற்றுப் பாருங்கள்: குட்டி நெருங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தீனி எதுவும் இல்லாதபோதே மூக்கை நக்கும். கடைக்கண்ணில் வெள்ளை தெரியும். அப்புறம் உடம்பு விறைத்து, மூச்சுகூட நின்றதுபோல் இருக்கும். அதற்கும் குட்டி விலகாவிட்டால்தான் உறுமல். உறுமினால் திட்டு விழும் என்று கற்றுக்கொண்ட நாய், அந்தப் படியை விட்டுவிட்டு நேராகக் கடிக்கப் போய்விடலாம்.

வால் ஆடுகிறதே என்று நம்பிவிடவும் கூடாது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2007இல் 30 நாய்களைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். வளர்ப்பவரைக் கண்டபோது வால் வலப்பக்கம் கூடுதலாக ஆடியது. அறிமுகமில்லாத முரட்டு நாயைக் கண்டபோது இடப்பக்கம் சாய்ந்தது.

குட்டிக்கு இந்த உறுமல் ஏன் தேவை? ஊசி போன்ற பால்பற்களால் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை அது கூடப்பிறந்தவற்றோடு விளையாடும்போது கற்கிறது. வலித்தால் மற்றது கத்தும், விளையாட்டு நின்றுவிடும். 8 வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரித்தால் அந்தப் பாடம் பாதியில் நிற்கும். மீதியை வீட்டிலுள்ள மூத்த நாய்தான் நடத்துகிறது.

பிற நாய்களோடு பழகக் குட்டியின் மூளை மிகவும் திறந்திருக்கும் காலம், ஏறத்தாழ 3ஆம் வாரத்திலிருந்து 12, 14ஆம் வாரம் வரை. சிக்கல் இங்கேதான். பார்வோ என்ற கொடிய குடல்நோய்க்கான தடுப்பூசித் தொடர் 16 வாரம் வரை நீள்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குறையும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது என்பதால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பார்வோ கிருமியோ மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எனவே தெருநாய் வராத, ஆனால் மூத்த நாய் தன்னுடையது என்று காவல் காக்காத இடமாகப் பார்த்துச் சந்திக்க வையுங்கள். வேலி போட்ட பக்கத்துத் தோப்பு போதும். கயிற்றைத் தளர்வாகப் பிடித்து இரண்டையும் ஒரே திசையில், இடைவெளி விட்டு நடத்துங்கள். நேருக்கு நேர் நிறுத்தாதீர்கள்.

அதற்கு முன்பே வாசனை வேலை செய்யட்டும். நாயின் மூக்கில் 20 கோடிக்கு மேல் வாசனை உணரிகள் உண்டு. நமக்குச் சில பத்து லட்சங்கள்தான். குட்டி படுத்த சாக்கை மூத்த நாய் முகரும்படி போட்டுவைத்தால், குட்டி நேரில் வரும்போது அது முழு அந்நியனாக இருக்காது.

சோற்றுத் தட்டு கண்டிப்பாகத் தனித்தனி. சாளைத் தலை போட்ட அன்று இன்னும் தள்ளி வையுங்கள். சாரல் மாதங்களில் மூட்டுவலியோடு படுத்திருக்கும் கிழ நாய்க்கு, குட்டி ஏற முடியாத திண்ணையை ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு உறுமலில் குட்டி பின்வாங்கி, பெரியதும் அத்தோடு விட்டால் நாம் தலையிட வேண்டாம். குட்டி வீறிட்ட பிறகும் பெரியது விடவில்லையென்றால், கையை நுழைக்காமல் இடையில் ஒரு பலகையைச் செருகிப் பிரித்துவிடுங்கள். பிறகு அந்தப் பெரிய நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று பொறுமை இழந்த நாய்க்கு எங்காவது வலி இருக்கலாம்.